போடா என்றால் கட்டி

எங்கள் வீட்டில் அடி விழாத வாரம் கிடையாது. ஆர்.கே.புரத்தில் அப்பாவுக்கு ஒதுக்கிய அரசாங்கக் குடியிருப்பு. இரண்டு அறை, ஒரு பால்கனி, மெல்லிசான சுவர்கள். அப்பா அம்மாவை அறைய ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டு சர்தார்ஜி டி.வி. சத்தத்தைக் கூட்டிவைப்பார். தலையிடாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ. அப்பா ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஆபீசில் அவர் குரல் பக்கத்து மேஜைக்குக் கேட்காது என்பார்கள். அங்கே மிச்சம் பிடித்த குரலையெல்லாம் மாலை ஆறரை மணி பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்.

நானும் சாது இல்லை. அப்பாவின் மூக்கு, அப்பாவின் கை, அப்பாவின் கோபம், மூன்றும் எனக்கு அப்படியே வந்திருந்தன. ஏழாம் வகுப்பில் ஒருத்தியின் முன்பல்லை உடைத்தேன். அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இருபது வருஷம் ஆகியும் அம்மாவுக்கு இந்தி காய்கறிக்காரன் வரைக்கும்தான் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. வெளியே எங்கே போனாலும் அவளுக்கு வாய் நான்தான். ரேஷன் கடை, டிஸ்பென்சரி, கேஸ் ஏஜென்சி, எல்லா இடத்திலும் அவள் தமிழில் சொல்வாள், நான் இந்தியில் சொல்வேன். இந்தக் கதை அந்த வேலையில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். எனக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம். திரும்பி வரும் பஸ்ஸில் ஒருவன் என் இடுப்பைக் கிள்ளினான். டெல்லி பஸ்ஸில் அது அதிசயமில்லை. ஆனால் அன்றைக்கு நான் திரும்பி, வலது முழங்காலால் அவன் வயிற்றுக்குக் கீழே ஒன்று விட்டேன். அவன் மடங்கிப் படியில் உட்கார்ந்தான். கண்டக்டர் விசில் அடித்துச் சிரித்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலையில் முழங்கால் வீங்கியிருந்தது.

உதைத்ததால் வந்த வீக்கம் என்று எல்லோரும் நினைத்தோம். அம்மா ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய நல்லெண்ணெயைக் காய்ச்சி ஒரு மாதம் நீவிவிட்டாள். வீக்கம் வற்றவில்லை. ராத்திரிகளில் எலும்புக்குள் யாரோ திருகாணி போட்டுத் திருகுவது போல் இருந்தது. எக்ஸ்ரே எடுத்தோம். தொடை எலும்பு முழங்காலைத் தொடும் இடத்தில் கட்டி. உதை அதைக் கொண்டுவரவில்லை, அது முன்னாலேயே அங்கே இருந்தது, உதையால் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான் என்றார்கள். புற்று.

முதலில் பார்த்த டாக்டர் காலைத் தொடையோடு எடுத்துவிடலாம் என்றார். டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னார். அப்பா அவர் மேஜையிலிருந்த கண்ணாடி பேப்பர்வெயிட்டை எடுத்துச் சுவரில் எறிந்தார். சுண்ணாம்பு பெயர்ந்தது. காவல்காரர்கள் வந்து எங்களை வெளியே தள்ளினார்கள். அப்பாவின் கோபத்தை நான் ரசித்த ஒரே நாள் அதுதான்.

இரண்டாவது சர்ஜன் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். காலைக் காப்பாற்றலாம் என்றார். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும். பிறகு கட்டியோடு ஒரு சாண் எலும்பை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோக எலும்பும் உலோக மூட்டும் வைக்க வேண்டும். என் எக்ஸ்ரே அளவுக்கு மெட்ராஸில் ஒரு பட்டறையில் செய்து அனுப்புவார்கள். நான் தமிழச்சி என்பதால் என் எலும்பும் மெட்ராஸிலிருந்து வருகிறது என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார்.

“உலோகத்துக்குள் ரத்தம் ஓடாது. அதன்மேல் ஒரு கிருமி உட்கார்ந்துவிட்டால் உன் உடம்பாலும் அதை விரட்ட முடியாது, என் மருந்தாலும் முடியாது. அப்புறம் உலோகத்தை வெளியே எடுக்க வேண்டும். சில சமயம் காலையே எடுக்க வேண்டும். அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பில் எங்கேயும் சீழ் இருக்கக் கூடாது. பல்லில், தோலில், மூத்திரத்தில், எங்கேயும்.”

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அதனால் எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்லிக்கொள்ள வழியில்லை.

மூன்று சுற்று மருந்து ஏற்றினார்கள். முடி கொத்துக் கொத்தாக வந்தது. வாயெல்லாம் புண். எதைப் பார்த்தாலும் உடைக்க வேண்டும் போல இருக்கும். ஒரு நாள் அம்மா ரசம் கொண்டுவந்தாள். வாசனை பிடிக்காமல் டம்ளரோடு எடுத்து எறிந்தேன். அவள் புருவத்துக்கு மேலே பட்டது. மூன்று தையல். டிஸ்பென்சரியில் கேட்டபோது “பாத்ரூம் மே கிர் கயா” என்றாள். பாத்ரூமில் விழுந்தேன் என்பது அவள் தப்பில்லாமல் சொல்லும் ஒரே இந்தி வாக்கியம். அப்பாவின் புண்ணியத்தில் கற்றுக்கொண்டது. ‘கிர் கயா’ என்று ஆண்பாலில் சொல்கிறாயே என்று நான் சிரித்தேன். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவளும் சிரித்தாள்.

மருந்து ஏற்றும் வார்டில் அடுத்த கட்டிலில் மீரட் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். முழங்காலுக்குக் கீழே கட்டி. அவருக்கும் என்னைப் போலவே உலோகம் வைப்பதாக இருந்தது. நாள் குறித்த பிறகு கடைவாய்ப் பல்லில் சீழ் கண்டுபிடித்தார்கள். பல்லைப் பிடுங்கி ஆறட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். ஆறுவதற்குள் ஜுரம், ஜுரம் விடுவதற்குள் ஆபரேஷன் வரிசையில் நாலு பேர் முன்னால் போய்விட்டார்கள். மறுபடி எக்ஸ்ரே எடுத்தபோது கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிவிட்டது. காலை எடுத்தார்கள். அவர் வீட்டுக்குப் போன அன்று அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையில் அறுத்த காலின் ஒற்றை ஷூவையும் எடுத்துக்கொண்டு போனாள். அதை எதற்கு எடுத்துப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு பல், அவ்வளவுதான், என்று மட்டும் புரிந்தது.

என் ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்கு இடது பக்கம் உட்காரும் இடத்தில் ஒரு கட்டி வந்தது. ஜூன் மாதம். குழாயில் காலையில் அரை மணி நேரம் தண்ணீர். கூலர் புழுங்கலான காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. அம்மா பார்த்துவிட்டு, “சூட்டுக்கட்டிதான்ட்டி. வெயிலுக்கு வந்திருக்கு” என்றாள். எங்கள் ஊர்க்காரர்கள் சூட்டுக்கட்டியை வியாதியில் சேர்ப்பதில்லை. உடம்புக்குள் இருக்கும் சூடு வெளியே வருகிறது, வரட்டும் என்பார்கள். எலும்பில் இருந்ததும் கட்டி, இதுவும் கட்டி. பெரியது உள்ளே இருக்கிறவளுக்குச் சின்னது ஒரு கேடா என்று நான் சொன்னேன். அம்மா சுண்ணாம்பையும் துணி சோப்பையும் குழைத்துப் பற்றுப் போட்டாள். நாலாம் நாள் உடைந்தது. சீழை அவளே துணியால் அழுத்தி எடுத்தாள். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு கத்தினேன்.

“அப்பாட்ட சொல்லாத” என்றேன்.

“சொல்லல. ஆனா டாக்டர்ட்ட சொல்லணும்ட்டி.”

“சூடுதானே? நீதானே சொன்ன, வியாதி இல்லைன்னு.”

“வியாதி இல்லதான். கேட்டா சொல்லணும்லா.”

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று இளம் டாக்டர் ஒருவர் கேள்வித் தாளோடு வந்தார். ராத்திரி தூங்காத முகம். நாளை மறுநாள் ஆபரேஷன். மெட்ராஸிலிருந்து என் எலும்பு மரப்பெட்டியில் வந்து சேர்ந்தாயிற்று. கட்டிலில் நான், பக்கத்தில் ஸ்டூலில் அம்மா. அப்பா ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: “மாஜி, கோயீ ஃபோடா ஃபுன்ஸி?”

கட்டி, கொப்புளம் ஏதாவது உண்டா என்று அர்த்தம். அம்மாவின் முகம் மாறியது.

“ஏட்டி, யாரப் பாத்து போடாங்கான் இந்தப் பய?”

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. மாதக் கணக்கில் அப்படிச் சிரிக்கவில்லை. டாக்டரும் காரணம் தெரியாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் முடிவெடுத்துவிட்டேன். “ஜுரம் இருக்கான்னு கேக்குறார்மா.”

“ஜுரம் இல்ல. சூட்டுக்கட்டி ஒண்ணு ஒடஞ்சு காயுது, இன்னும் கொஞ்சம் கசியுதுன்னு சொல்லு.”

“க்யா கெஹ் ரஹீ ஹை?” என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார்.

“கர்மி கே தானே ஹை, பஸ்” என்றேன்.

கர்மி கே தானே என்றால் வேர்க்குரு, பஸ் என்றால் அவ்வளவுதான். ஜூன் மாத டெல்லியில் வேர்க்குரு இல்லாத உடம்பே கிடையாது. டாக்டர் தன் கழுத்தைச் சொறிந்து காட்டி, எனக்கும்தான் என்றார். தாளில் ஒரு கோடு இழுத்தார். ஆபரேஷன் செய்யப்போகும் காலை மட்டும் மேலிருந்து கீழே பார்த்தார். திரும்பிப் படு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் படுத்திருப்பேனா என்று தெரியாது. அம்மா என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்குப் பால் ஊற்றினாள்.

தெரிந்தேதான் சொன்னேன். சொல் தெரியாமல் வந்த குழப்பம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான் டெல்லியில் பிறந்தவள். ஃபோடா என்றால் என்ன என்று தமிழ் எழுத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்திருந்தார்கள். மேலே பாதித் தூக்கம். நடுவில் நடுவில் விழிப்பு வரும். வலி இல்லை, ஆனால் எல்லாம் தெரியும். ரம்பத்தின் சத்தம். பிறகு சுத்தியல். எலும்பின் நடுத் துவாரத்துக்குள் உலோகத் தண்டை இறக்கி அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் என் தலை மேஜையில் முன்னும் பின்னும் ஆடியது. யாரோ “அவுர் ஜோர் ஸே” என்றார். இன்னும் பலமாக. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் சேர்ந்து ஒருத்தியை அடித்துக்கொண்டிருந்தார்கள், அந்த ஒருத்தி நான். கத்த நினைத்தேன். நாக்கு எழவில்லை.

பன்னிரண்டாம் நாள் வாக்கரைப் பிடித்து நின்றேன். இருபதாம் நாள் வராந்தாவின் கடைசி வரைக்கும் நடந்தேன். அப்பா பின்னாலேயே வந்தார். திரும்பிப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை மலை மந்திரில் முருகனுக்குப் பால்குடம் எடுத்தார். அந்த மாதம் வீட்டில் ஒரு அடிகூட விழவில்லை. சர்தார்ஜி டி.வி.யை அளவாகவே வைத்திருந்தார். நான் பொய் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன். பெருமையாகவே நினைத்தேன்.

மிச்ச மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆறாவது வாரம் ஒரு நாள் காலையில் அம்மா என் முழங்காலில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

“சூடா இருக்குட்டி.”

இந்தத் தடவை அந்தச் சொல்லை அவளே நம்பவில்லை. மாலைக்குள் ஜுரம். மூன்றாம் நாள் தையல் கோட்டின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்து, அதிலிருந்து கலங்கலாக நீர் வந்தது. மறுபடி திறந்தார்கள். கழுவினார்கள். ஒரு மாதம் நரம்பில் மருந்து. நரம்புகள் ஒவ்வொன்றாகக் கயிறு மாதிரி இறுகிப்போயின. மறுபடி திறந்தார்கள். புண்ணை மூடாமல் விட்டு, உள்ளே துணியை அடைத்து, தினமும் அதைப் பிடுங்கி எடுத்துப் புதிதாக அடைத்தார்கள். டிரெஸ்ஸிங் செய்யும் வார்டு ஊழியரின் கையை ஒரு நாள் கடித்துவிட்டேன், பல் பதிய. அவர் இன்னொரு கையால் வேலையை முடித்துவிட்டுத்தான் போனார். அம்மாவைத் திட்டாத திட்டில்லை. நீ போட்ட சுண்ணாம்புதான், உன் அழுக்குக் கைதான் என்று அப்பா இல்லாத நேரத்தில் வார்டே கேட்கக் கத்துவேன். அவளுக்கு மட்டும் கேட்க வேண்டியது என்று ஒன்று இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

இரண்டாம் தடவை கழுவிய பிறகும் ஜுரம் நிற்காதபோது சர்ஜன் எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் சக்கர நாற்காலியில் இருந்தேன். என் ஊன்றுகோல் அப்பாவின் கையில் இருந்தது. சோதனைச் சாலையில் வளர்ந்த கிருமி, தோலில் கட்டிகளை உண்டாக்கும் கிருமி என்றார். ஆபரேஷனுக்கு முன்னால் எங்கேயாவது கட்டி இருந்ததா என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார். அப்பா தமிழில் திருப்பினார்.

“ஏளா, இவளுக்குக் கட்டி ஏதும் வந்துதா?”

“வந்திச்சு” என்றாள் அம்மா. “சூட்டுக்கட்டி.”

“டாக்டர்ட்ட சொன்னியா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சர்ஜனின் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். அதில் தொடை எலும்புக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருந்தார்கள்.

“சொல்லல” என்றாள்.

அப்பா அங்கே ஒன்றும் செய்யவில்லை. சர்ஜன் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். சர்ஜன் நியாயமாகத்தான் பேசினார். கட்டி ஒன்றுதான் காரணம் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது என்றார். ஏழு மணி நேரம் திறந்திருந்த உடம்பு, அவ்வளவு உலோகம், அதை மூடப் போதாத சதை, உள்ளே தேங்கிய ரத்தம், வெள்ளை அணுக்களைக் கொன்ற மருந்து, எது வேண்டுமானாலும் வழி விட்டிருக்கலாம் என்றார். அதெல்லாம் அப்பாவின் காதில் ஏறவில்லை. அவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

வெளியே வராந்தாவில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என் ஊன்றுகோலை இரண்டு கையாலும் ஓங்கினார்.

“செத்த மூதி, பிள்ள காலத் தின்னுட்டியே!”

முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்க அம்மா வலது கையைத் தூக்கினாள். மணிக்கட்டில் பட்டது. எலும்பு உடையும் சத்தம் எனக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் இருந்த யாரையும்விட நன்றாகத் தெரியும். மூன்றாவது, நாலாவது முதுகில். அவள் கத்தவில்லை. குனிந்து என் சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. ஒரு வாக்கியம் போதும், நான்தான் என்று. வாயைத் திறக்கவில்லை. பயந்து போயிருந்தேன் என்று எழுதலாம், அது உண்மையில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. என்மேல் விழ வேண்டியது வேறிடத்தில் விழுகிறது என்ற ஆறுதல். அதை இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது.

காவல்காரர்கள் அப்பாவை இழுத்துக்கொண்டு போனார்கள். அம்மாவை அதே ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறைக்கு அனுப்பினார்கள். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூடவே போனேன். கட்டுப் போடுகிறவர் எப்படி உடைந்தது என்று கேட்டார். பாத்ரூமில் விழுந்தேன் என்றாள், இந்தியில். நூறு பேர் பார்த்திருந்தார்கள். அவர் துணியை நனைத்தார்.

மாவு இறுகும்வரை கையை அசைக்கக் கூடாது. நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன், “ஏன்மா சொல்லலன்னு சொன்ன? என்கிட்ட சொன்னேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“நீ அன்னைக்கு அந்த டாக்டர் பயகிட்ட என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும்லா.”

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

“கர்மி கே தானேன்னா வேக்குரு. வருசா வருசம் கடைக்காரன்ட்ட அதச் சொல்லித்தான பவுடர் வாங்குதேன்? எம்புட்டு வருசம் இந்த ஊர்ல குப்ப கொட்டுதேன், அது தெரியாதா எனக்கு?”

“அப்ப ஏன் பேசாம இருந்த?”

அம்மா கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அந்த லாரிக்காரரு பொண்டாட்டி ஒத்தச் செருப்பத் தூக்கிட்டுப் போனாள்ல. நானும் பாத்தேன். ஒன் காலு இருக்கட்டும்னுதான் இருந்தேன்.”

இரண்டு நாள் கழித்துச் சர்ஜன் வந்து, காலை எடுக்க வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் கிருமி ரத்தத்தில் ஏறி உயிருக்கே வந்துவிடும். என் கையெழுத்தோடு வீட்டார் ஒருவருடையதும் வேண்டும் என்றார்கள். அப்பா மாட்டேன் என்றார். படிவத்தைக் கிழித்து நர்ஸின் முகத்தில் வீசிவிட்டுப் போனார். இன்னொரு படிவம் கொண்டுவந்தார்கள். அம்மாவின் கையெழுத்து அழகாக இருக்கும், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, ‘ழ’வுக்கு ஒரு நீள வால் விட்டு. வலது கை மாவுக்கட்டில் இருந்தது. குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து, அவள் இடது கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினார். பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று இந்தியில் எழுதினார். நான் திருத்தவில்லை.

தொடையின் நடுவில் எடுத்தார்கள். இந்தத் தடவை முழுத் தூக்கம். ரம்பத்தைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒற்றைக் கையால் சமைத்து, தட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அவர் கண் என் சல்வாரின் மடித்து ஊசி குத்திய பக்கத்துக்கு வந்தது. அடிக்கடி வரும். வந்தால் அடுத்தது அம்மாதான். தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

“எந்தக் கையாலட்டி பத்துப் போட்ட? இந்தக் கையா? காட்டு.”

மாவுக்கட்டுக் கையைப் பிடித்து முறுக்கினார். அம்மாவின் வாயிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சர்தார்ஜியின் டி.வி. ஏறியது.

“நான்தான்” என்றேன். “டாக்டர் கேட்டார். அம்மா சொல்லுன்னு சொன்னா. நான்தான் வேர்க்குருன்னு மாத்திச் சொன்னேன். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுடுவாங்கன்னு பயந்து சொன்னேன். அம்மாவை விடுங்கப்பா.”

அப்பா கையை விட்டார். என்னைப் பார்த்தார். வரட்டும் என்று காத்திருந்தேன். உண்மையாகவே அந்த அடி எனக்கு வேண்டியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், மடித்த துணியைப் பார்த்தார், எங்கே அடிப்பது என்று தேடுகிறவர் போல நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

“ஏளா, ஒனக்கு இது தெரியுமா?”

அம்மா மாவுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டா இருந்த?”

அடித்தார். அதற்கு முன்னால் அவர் அடித்ததெல்லாம் அடியே இல்லை என்பது போல அடித்தார். அம்மா சுவரில் மோதி விழுந்தாள். நான் தடுக்க எழுந்து ஓடினேன். வலது காலை முன்னால் வைத்தேன். இல்லாத காலை. அது தரையைத் தொட்டது எனக்குத் தெரிந்தது, விரல்கள்கூட ஊன்றின. அடுத்த நொடி அறுத்த முனை சிமெண்டில் இடித்தது. தையல் விட்டது. நான் கத்தியதில்தான் அப்பாவின் கை நின்றது. செருப்பைக்கூட மாட்டாமல் கதவைத் திறந்து வெளியே போனார்.

அம்மா எழுந்திருக்க முடியாமல் தரையோடு தேய்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கீழுதடு கிழிந்து தொங்கியது. என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வாள் என்று நினைத்தேன். “அம்மா, சொல்லிட்டேன்மா” என்றேன். ஏதோ பரிசு வாங்கியவள் போலச் சொன்னேன். அவள் நல்ல கையால் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். காது அடைத்தது. மறுபடியும் அறைந்தாள்.

“எதுக்குட்டி சொன்ன? இத்தன நாளும் நான் எதுக்கு வாங்குனேன்? வாங்குன அம்புட்டையும் வீணாக்கிட்டியே, பாவி.”